பிக்கப்புக்குள் எத்தனை யூனிட்? வாகனக் கம்பனிகளின் நான்கு கணக்குகள்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு 'ஹைபிரிட்' என்ற சொல்லை அதிகம் விளக்கத் தேவையில்லை. எரிபொருள் தடை இருந்த அந்த நாட்களில் பெற்றோல் துளித் துளியாகத்தான் கிடைத்தது. அந்தத் துளியை எஞ்சினை உயிர்ப்பிக்க மட்டும் பாவித்தோம். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டோம். மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் ஓடியது, பழைய ஏ-40 காரும் அப்படித்தான் ஓடியது. அரிதான பொருளை எங்கே, எவ்வளவு செலவழிப்பது என்பதுதான் அன்றைய கேள்வி.

இன்று உலகத்தின் பெரிய வாகனக் கம்பனிகள் பிக்கப் வாகனங்களைப் பொறுத்தவரை அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இம்முறை அரிதான பொருள் பெற்றோல் அல்ல, பற்றரி. ஒரு கம்பனி ஒரு வண்டிக்குள் மிகப் பெரிய பற்றரியை வைக்கிறது. இன்னொன்று நூறில் ஒரு பங்கு அளவுள்ள பற்றரியை வைக்கிறது. மூன்றாவது கம்பனி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நான்காவது, வண்டிக்குள்ளேயே ஒரு ஜெனரேட்டரைப் பூட்டுகிறது.

இது எமக்கு ஏன் முக்கியம்? ஊரில் பிக்கப் என்றால் தொண்டு நிறுவனத்தின் ஹைலக்ஸ் அல்லது மரக்கறி ஏற்றும் பட்டா. புலம்பெயர்ந்த நாடுகளில் அது எங்கள் பிள்ளைகளின் தொழில் வாகனம். வீடு திருத்துபவர்கள், கூரை போடுபவர்கள், பனி அள்ளுபவர்கள், கடைகளுக்குச் சாமான் கொண்டுபோகிறவர்கள் என்று பலரும் அதை நம்பியே பிழைக்கிறார்கள். வீட்டுக்கு அடுத்ததாக அவர்கள் எடுக்கும் மிகப் பெரிய கடனும் பெரும்பாலும் இதுதான். ஆகவே கம்பனிகளின் கணக்கையும் எங்கள் வீட்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறோம்.

முதலில் ஒரு அளவுகோல்

பற்றரியின் கொள்ளளவைக் கிலோவாற் மணியில் சொல்வார்கள். மின்கட்டணச் சிட்டையில் வரும் ஒரு யூனிட்தான் ஒரு கிலோவாற் மணி. எனவே இக்கட்டுரை முழுவதும் 'யூனிட்' என்றே சொல்கிறோம்.

அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் கணக்கின்படி ஒரு அமெரிக்கக் கலன் பெற்றோலில் 33.7 யூனிட் சக்தி இருக்கிறது. லீற்றருக்கு ஏறத்தாழ 8.9 யூனிட். ஃபோர்டின் எஃப்-150 லைட்னிங் மின் பிக்கப்பின் பெரிய பற்றரி 131 யூனிட். அதாவது, அது சுமந்து திரியும் சக்தி ஏறத்தாழ 15 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். இவ்வளவு குறைந்த சக்தியில் அது 320 மைல், அதாவது 515 கிலோமீற்றர் ஓடும் என்று முகவரகம் மதிப்பிட்டது. பெற்றோல் எஞ்சின் சக்தியின் பெரும் பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின் மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை.

ஆனால் இதே காரணம்தான் ட்ரெயிலர் இழுக்கும்போது எதிராகத் திரும்புகிறது. பின்னால் ஒரு பெரிய பெட்டியைக் கட்டினால் காற்றுத் தடை கூடும், தேவையான சக்தி ஏறக்குறைய இரட்டிக்கும். பெற்றோல் வண்டிக்கும் அப்படித்தான். ஆனால் அதன் தாங்கியில் நூறு லீற்றர் இருக்கும், தீர்ந்தால் ஐந்து நிமிடத்தில் நிரப்பலாம். மின் வண்டியிடம் இருப்பதோ அந்தப் 'பதினைந்து லீற்றர்' மட்டுமே. அதனால் கனமான ட்ரெயிலருடன் ஓடும் தூரம் பாதியாகக் குறைகிறது. கடுங்குளிரில் இன்னும் குறையும்.

பிக்கப் என்பது காரைப் போன்றதல்ல. சுமக்கவும் இழுக்கவும்தான் அதை வாங்குகிறோம். கார்களில் ஓரளவு தீர்ந்துவிட்ட ஒரு பிரச்சினை பிக்கப்பில் தீராமல் இழுபடுவதற்குக் காரணம் இதுதான். இதற்குக் கம்பனிகள் நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

முதலாவது வழி: பெரிய பற்றரி

2021 செப்டெம்பரில் ரிவியன் என்ற புதிய கம்பனி அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் தனது ஆர்1டி பிக்கப்பை வாடிக்கையாளரிடம் கையளித்தது. பெரிய கம்பனிகளை முந்திக்கொண்டு சந்தைக்கு வந்த மின் பிக்கப் அதுதான். 2022 ஏப்ரலில் ஃபோர்டின் லைட்னிங் மிச்சிகன் மாநிலத்தின் டியபோர்னில் உற்பத்திக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இன்னும் பெரிதாக யோசித்தது. அதன் ஹம்மர் மின் பிக்கப்பின் எடை 9,000 இறாத்தலுக்கு மேல், அதாவது நான்கு தொன். பற்றரி மட்டும் 200 யூனிட்டைத் தாண்டும். அதே தொழில்நுட்பத்தில் வந்த சில்வராடோ மின் பிக்கப்பின் 2025 வேலை மொடல் ஒரு மின்னேற்றத்தில் 492 மைல் ஓடும் என்று மதிப்பிடப்பட்டது. ட்ரெயிலரால் பாதியாகக் குறைந்தாலும் மிச்சம் போதும் என்பதுதான் ஜெனரல் மோட்டார்ஸின் பதில்.

தொழில்நுட்பம் வென்றது. விலை வெல்லவில்லை. 2021 மே மாதத்தில் லைட்னிங் அறிவிக்கப்பட்டபோது ஆரம்ப விலை 39,974 டொலர். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் முன்பதிவு செய்தார்கள். 2023 மார்ச்சில் அதே ஆரம்ப மொடல் 59,974 டொலராகியிருந்தது. அந்த யூலையில் 49,995 டொலராக இறங்கியது. டெஸ்லாவின் சைபர்ட்ரக் 2019இல் 39,900 டொலர் என்ற விலையுடன் காட்டப்பட்டது. 2023 நவம்பரில் கையளிக்கத் தொடங்கியபோது வாங்கக் கிடைத்த மொடலின் விலை 79,990 டொலர். ஒஹாயோவில் ஜெனரல் மோட்டார்ஸின் பழைய தொழிற்சாலையை வாங்கி மின் பிக்கப் செய்யப் புறப்பட்ட லோர்ட்ஸ்டவுன் மோட்டார்ஸ் 2023 யூனில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

ஃபோர்டின் கணக்கேடு எல்லாவற்றையும் சொல்லும். அதன் மின்வாகனப் பிரிவு முழுவதற்குமான நட்டம் 2022இல் 220 கோடி டொலர், 2023இல் 470 கோடி, 2024இல் 510 கோடி. 2024இல் அமெரிக்காவில் விற்ற லைட்னிங் வாகனங்கள் 33,510. அதே ஆண்டில் விற்ற எஃப் வரிசை பிக்கப்புகள் ஏழு இலட்சத்துக்கு மேல். 2025 டிசம்பரில் ஃபோர்ட், முழு மின் லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்துவதாகவும், மின்வாகனத் திட்டங்களை மாற்றியமைப்பதற்காக 1,950 கோடி டொலரைக் கணக்கில் பதிவழிப்பதாகவும் அறிவித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு இரண்டு மாதம் முன்னரே 160 கோடி டொலரைப் பதிவழித்திருந்தது. மின் பிக்கப் செய்வதற்கென்று ஒதுக்கிய மிச்சிகனின் ஓரியன் தொழிற்சாலையில் 2027 முதல் பெற்றோல் வண்டிகளைச் செய்யப்போவதாகவும் அது முடிவெடுத்தது.

இரண்டாவது வழி: சிறிய பற்றரி

டொயோட்டா எதிர்ப்பக்கத்தில் நின்றது. 2022 மொடல் டன்ட்ராவில் ஐ-ஃபோர்ஸ் மாக்ஸ் என்ற ஹைபிரிட் எஞ்சினைக் கொண்டுவந்தது. 437 குதிரைவலு. அதற்குள் இருக்கும் பற்றரி 1.87 யூனிட் மட்டுமே. 2024 மொடல் டக்கோமாவிலும் அதே அளவு பற்றரிதான். பிளக் இல்லை, மின்னேற்ற வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சேமித்து, வண்டி வெளிக்கிடும்போதும் ஏற்றம் ஏறும்போதும் எஞ்சினுக்குத் தோள் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

டொயோட்டா இதற்குச் சொல்லும் வாதம் '1:6:90'. நெடுந்தூரம் ஓடும் ஒரு மின் வாகனத்துக்குத் தேவையான பற்றரி மூலப்பொருளில் ஆறு பிளக்-இன் ஹைபிரிட் வாகனங்களையோ தொண்ணூறு சாதாரண ஹைபிரிட் வாகனங்களையோ செய்யலாம் என்பது அதன் கணக்கு. இது கம்பனி தன் வழியை நியாயப்படுத்தச் சொல்வது என்பதை மறக்கக்கூடாது. ஆனால் நாமே பிரித்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே விடைதான் வருகிறது. ஃபோர்டின் எஃப்-150 ஹைபிரிட்டில் இருப்பது 1.5 யூனிட் பற்றரி. லைட்னிங்கின் 131 யூனிட்டை அதால் வகுத்தால் 87. வணிகவியலில் இதை அமையச் செலவு என்று படித்தோம். ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்தால் அதை வேறு எங்கே வைக்கவில்லை என்பதும் செலவுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு போத்தல் பெற்றோலை ஒரு காருக்கே ஊற்றாமல் பல வண்டிகளுக்குத் துளித்துளியாகப் பிரித்த கணக்கும் இதுதான்.

டொயோட்டாவின் வாதத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சாதாரண ஹைபிரிட்டின் ஒவ்வொரு கிலோமீற்றரும் கடைசியில் பெற்றோலில்தான் ஓடுகிறது. எரிபொருள் குறையலாம், இல்லாமல் போகாது. பெற்றோல் விலை ஏறினால் அந்த ஆபத்து வாங்கியவரின் தலையிலேயே தொடர்ந்து இருக்கும்.

ஃபோர்ட் இந்த வழியையும் விடவில்லை. எஃப்-150 ஹைபிரிட்டின் பின்பெட்டியில் 7.2 கிலோவாற் வரை மின்சாரம் தரும் செருகிகளை வைத்தது. கட்டட வேலைக்காரருக்கு அது ஓடித்திரியும் ஜெனரேட்டர். 2021 பெப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயலால் மின்சாரம் நின்றபோது சிலர் இந்த வண்டியால்தான் வீட்டைச் சூடாக்கினார்கள். இன்னும் சாதாரணமான குடும்பங்களுக்காக 2021இல் மவெரிக் என்ற சிறிய பிக்கப்பை ஹைபிரிட்டாகவே 19,995 டொலருக்கு அறிமுகப்படுத்தியது. நகரத்துக்குள் கலனுக்கு 42 மைல். 2025 மொடலில் அதன் ஆரம்ப விலை 26,000 டொலரைத் தாண்டிவிட்டது.

மூன்றாவது வழி: பிளக்-இன் ஹைபிரிட்

நடுவழி இது. வேலைக்குப் போய்வரும் அன்றாடத் தூரத்துக்குப் போதுமான பற்றரி, அதற்கு அப்பால் பெற்றோல். அவுஸ்திரேலியாவில் இருக்கும் எம்மவர்கள் இதை நன்றாக அறிவார்கள். சீனாவின் பி.வை.டி. கம்பனி 2024 மே மாதத்தில் மெக்சிக்கோவில் ஷார்க் என்ற பிக்கப்பை வெளியிட்டு, பின்னர் அவுஸ்திரேலியாவுக்கு ஷார்க் 6 என்று கொண்டுவந்தது. பற்றரி 29.58 யூனிட். எஞ்சின் 1.5 லீற்றர் மட்டுமே. அவுஸ்திரேலிய விலை 57,900 டொலரில் தொடங்கியது.

அதற்குப் போட்டியாக ஃபோர்ட் 2025இல் ரேஞ்சர் பிளக்-இன்னை இறக்கியது. இரண்டையும் ஒப்பிட்டால் சிந்தனை வேறுபாடு துலங்கும். ரேஞ்சரின் பற்றரி 11.8 யூனிட், எஞ்சின் 2.3 லீற்றர், இழுவை 3,500 கிலோ. ஷார்க்கின் பற்றரி அதைவிட இரண்டரை மடங்கு, ஆனால் இழுவை 2,500 கிலோ. பி.வை.டி. நகரத்துச் சாரதியை நினைத்துச் செய்தது. ஃபோர்ட் ட்ரெயிலர் கட்டுகிறவரை நினைத்துச் செய்தது. எது நல்லது என்பதற்கு, நீங்கள் எதைக் கட்டி இழுக்கிறீர்கள் என்பதே விடை.

பிளக்-இன் வண்டியில் ஒரு பலவீனம் உண்டு. பிளக் குத்தினால்தான் அது பிளக்-இன். குத்தாமல் ஓட்டினால் பெரிய பற்றரியைச் சும்மா சுமந்து திரியும் பெற்றோல் வண்டி.

நான்காவது வழி: உள்ளே ஒரு ஜெனரேட்டர்

ஸ்டெலாண்டிஸ் குழுமத்தின் ராம், முழு மின் பிக்கப் ஒன்றை 2023இல் அறிவித்து, அதைச் சந்தைக்குக் கொண்டுவராமலே 2025 செப்டெம்பரில் கைவிட்டது. அதற்குப் பதிலாக முன்னே நிறுத்தியது வேறொரு வண்டி. அதில் 92 யூனிட் பற்றரி, கூடவே 3.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின். ஆனால் அந்த எஞ்சின் சக்கரத்தோடு தொடுக்கப்படவில்லை. ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குவதே அதன் ஒரே வேலை. வீட்டில் மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரை இயக்குவோம் அல்லவா? அதே கதை. பற்றரியில் மட்டும் 145 மைல், எஞ்சினையும் சேர்த்து 690 மைல் என்பது கம்பனி சொன்ன இலக்கு.

ஃபோர்டின் அடுத்த லைட்னிங்கும் இதே வழியில்தான் வரப்போகிறது. வொக்ஸ்வாகன் குழுமம் அமெரிக்காவில் மீண்டும் உயிர்ப்பித்த ஸ்கவுட் கம்பனி, 2024 ஒக்டோபரில் காட்டிய பிக்கப்புக்கு முழு மின், ஜெனரேட்டர் என இரண்டு தெரிவுகளையும் வைத்தது. முன்பதிவு செய்தவர்களில் பெரும்பான்மையினர் ஜெனரேட்டரையே கேட்டார்கள். மின் மோட்டாரை மக்கள் வெறுக்கவில்லை, வழியில் நின்றுவிடுவோமோ என்றுதான் பயப்படுகிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

இந்த வழியின் பாரம் எங்கே விழும்? ஒரே வண்டிக்குள் பற்றரியும் உண்டு, எஞ்சினும் உண்டு. இரண்டுக்கும் காசு கொடுக்கவேண்டும், இரண்டையும் பராமரிக்கவேண்டும்.

இவற்றுக்கு வெளியே இன்னொரு முயற்சியும் நடக்கிறது. பற்றரியைச் சிறிதாக்கி, வண்டியையும் சிறிதாக்கி, விலையைக் குறைப்பது. சிலேட் என்ற புதிய கம்பனி 2025 ஏப்ரலில் இரண்டு இருக்கை மின் பிக்கப் ஒன்றைக் காட்டியது. பற்றரி 52.7 யூனிட், இலக்கு 150 மைல். ஃபோர்டும் ஏறத்தாழ 30,000 டொலரில் நடுத்தர மின் பிக்கப் ஒன்றை 2027இல் கென்டக்கியின் லூயிவிலில் செய்யப்போவதாக 2025 ஓகஸ்டில் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பரில் வெளியான புதிய ஹைலக்ஸின் மின் மொடலும் 59.2 யூனிட் பற்றரியுடன்தான் வருகிறது. அது இழுப்பது 1,600 கிலோ. தாய்லாந்தில் செய்யப்படும் இசுசு டி-மாக்ஸின் மின் மொடல் 66.9 யூனிட் பற்றரியுடன் 3,500 கிலோ இழுக்கும். அது முதலில் போய்ச் சேர்ந்த ஐரோப்பிய நாடு, எங்கள் மக்கள் நிறைந்து வாழும் நோர்வே.

ஒரே கம்பனி, நாட்டுக்கு நாடு வேறு வழி ஏன்?

அமெரிக்காவில் முழு மின் பிக்கப்பை நிறுத்திய ஃபோர்ட், அவுஸ்திரேலியாவில் அதே ஆண்டில் பிளக்-இன் பிக்கப்பை இறக்குகிறது. காரணம் தொழில்நுட்பம் அல்ல, சட்டம்.

அமெரிக்கச் சந்தைக்கு அறுபது ஆண்டுப் பழைய வேலி ஒன்று உண்டு. மேற்கு ஜேர்மனியும் பிரான்சும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, சனாதிபதி ஜோன்சன் 1963 டிசம்பரில் சில இறக்குமதிகளுக்கு வரி விதித்தார். இலகு ட்ரக் வண்டிகளுக்கு 25 வீதம். கோழிச் சண்டை மறந்துபோனது, வரி இன்றும் இருக்கிறது. வெளிநாட்டுச் சிறிய பிக்கப்புகள் அமெரிக்காவுக்குள் இலகுவில் வராததற்கும், உள்ளூர்க் கம்பனிகள் பெரிய வண்டிகளில் பெரிய இலாபம் எடுத்துப் பழகியதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

அதோடு, மின் வாகனம் வாங்குவோருக்கு அமெரிக்கா கொடுத்துவந்த 7,500 டொலர் வரிச்சலுகை 2025 செப்டெம்பர் 30உடன் முடிந்தது. எரிபொருள் சிக்கன அளவை மீறும் கம்பனிகளுக்கான தண்டப்பணமும் அதே ஆண்டில் பூச்சியமாக்கப்பட்டது. பெரிய பெற்றோல் வண்டி விற்பதற்குத் தண்டம் இல்லை, மின் வண்டி வாங்குவதற்குச் சலுகை இல்லை என்றானால் கம்பனி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. கனடாவில் மத்திய அரசின் 5,000 டொலர் கழிவும் 2025 ஜனவரியில் நிதி தீர்ந்து நின்றது.

அவுஸ்திரேலியாவிலோ 2025 ஜனவரி முதல் புதிய வாகனச் செயற்திறன் சட்டம் வந்தது. பிக்கப் போன்ற வண்டிகளுக்கு 2025இல் கிலோமீற்றருக்கு 210 கிராம் கரியமில வாயு என்ற அளவு, 2029இல் 110 கிராமாக இறங்கும். ஒரு கம்பனி விற்கும் வண்டிகளின் சராசரி இந்த அளவை மீறினால், மீறும் ஒவ்வொரு கிராமுக்கும் வண்டி ஒன்றுக்கு 50 அவுஸ்திரேலிய டொலர் தண்டம். பிளக்-இன் பிக்கப்புகள் அங்கே பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக் கணக்கு

இனி எங்கள் பக்கம். கனடாவை உதாரணமாக எடுத்து, சில எண்களை நாமாகவே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 25,000 கிலோமீற்றர் ஓட்டம். பெற்றோல் லீற்றர் 1.50 டொலர். வீட்டில் இரவு மின்சாரம் யூனிட் 12 சதம். வீதியோர விரைவு மின்னேற்றி யூனிட் 60 சதம்.

100 கிலோமீற்றருக்கு 12.5 லீற்றர் குடிக்கும் பெரிய பெற்றோல் பிக்கப்புக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 4,690 டொலர். 10 லீற்றர் குடிக்கும் ஹைபிரிட்டுக்கு 3,750 டொலர். 100 கிலோமீற்றருக்கு 30 யூனிட் எடுக்கும் மின் பிக்கப்பை வீட்டில் மின்னேற்றினால் 900 டொலர். அதே மின் பிக்கப்பை முழுவதும் வீதியோர மின்னேற்றியில் நிரப்பினால் 4,500 டொலர்.

இந்த நான்கு எண்களையும் திரும்ப ஒருமுறை பாருங்கள். மின் பிக்கப்பின் இலாபம் முழுவதும் வண்டியில் இல்லை, இரவில் அதை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. சொந்த வீடும் தனித் தரிப்பிடமும் உள்ளவருக்கு ஆண்டுக்கு 3,800 டொலர்வரை மிச்சம். வாடகைக்கு பேஸ்மன்றில் இருப்பவருக்கு, பிளக் குத்த இடமில்லாதவருக்கு, கிட்டத்தட்ட ஒன்றும் மிச்சமில்லை. எங்கள் சமூகத்தில் புதிதாக வந்த குடும்பங்கள் இரண்டாவது வகையில்தான் இருக்கின்றன. அவர்களுக்குச் சாதாரண ஹைபிரிட் சிறந்த தெரிவாக இருப்பதற்கு அறியாமையோ பழமைவாதமோ காரணமல்ல. அது அவர்களின் வீட்டு நிலைமை.

இரண்டாவது விடயம் பெறுமானத் தேய்வு. எம்மிடம் ஒவ்வொரு வருடமும் வரிக் கணக்குக்கு வரும் தம்பி ஒருவர் வீடு திருத்தும் தொழில் செய்கிறார். 2022இல், விலைகள் உச்சத்தில் இருந்தபோது, 84 மாதத் தவணையில் மின் பிக்கப் ஒன்று வாங்கினார். எந்தக் கம்பனி என்பது இங்கே முக்கியமில்லை. அடுத்த வருடமே புதிய வண்டியின் விலை குறைக்கப்பட்டது. அதோடு பழையதன் சந்தை விலையும் விழுந்தது. கடன் மீதி வண்டியின் பெறுமதியைவிடக் கூடிவிட்டது. விற்றால் கையில் இருந்து காசு கட்டவேண்டும். மாசி மாதக் குளிரில் ட்ரெயிலரைக் கட்டிக்கொண்டு பரி நகருக்கு அப்பால் வேலைக்குப் போனால் வழியில் நின்று மின்னேற்றவும் வேண்டும். கம்பனிகள் பல கோடி பதிவழித்த செய்தியை அவரும் படித்திருக்கிறார். "அண்ணை, அவங்கள் நட்டத்தை எழுதி விட்டிட்டாங்கள். நான் எங்க எழுதுறது?" என்று கேட்டார்.

முப்பது வருடம் கணக்கு எழுதிய எமக்கு அதற்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கேட்டது சரி. கம்பனி தவறான வழியில் போனால் ஐந்தொகையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வழிக்குத் திரும்பும். பங்குதாரர்கள் பலர், பாரம் பிரிந்துபோகும். ஒரு குடும்பத்தின் பேரேட்டில் பதிவழிப்பு என்ற பக்கம் கிடையாது. ஏழு வருடத் தவணை ஏழு வருடமும் வரும்.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

கம்பனிகளின் நான்கு வழியில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கட்டுரை எழுதவில்லை. வழி எதுவானாலும் வாங்குபவர் தன்னிடம் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து.

ஒன்று, இரவில் வண்டி நிற்கும் இடத்தில் பிளக் இருக்கிறதா? இல்லையென்றால் முழு மின், பிளக்-இன் இரண்டையும் ஒதுக்கிவையுங்கள்.

இரண்டு, மாதத்தில் எத்தனை நாள் ட்ரெயிலர் இழுக்கிறீர்கள், எவ்வளவு தூரம்? விளம்பரத்தில் உள்ள தூரத்தைப் பாதியாக்கி, குளிர்காலத்துக்கு இன்னும் கொஞ்சம் கழித்து, அது போதுமா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு நகரத்துக்குள் நூறு கிலோமீற்றர், ட்ரெயிலர் இல்லை, வீட்டில் பிளக் இருக்கிறது என்றால் முழு மின் பிக்கப் உங்களுக்கு மிக மலிவான வேலைக்காரன்.

மூன்று, கடன் எத்தனை மாதம்? தொழில்நுட்பம் வேகமாக மாறும் பொருளுக்கு நீண்ட தவணை ஆபத்து. விலை விழுந்த பிறகு இரண்டு மூன்று வருடம் பாவித்த மின் பிக்கப்பை வாங்குபவர், முதலாவது ஆள் பட்ட தேய்வைத் தான் படாமல் தப்புகிறார். பற்றரி உத்தரவாதத்தில் எத்தனை வருடம் மீதி என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்கு, வரிச் சட்டம் எந்தப் பக்கம்? கனடாவில் தொழிலுக்கு வாங்கும் வண்டியை மாசற்ற வாகன வகுப்பில் சேர்த்துத் தேய்வு கழிப்பதற்கு, பிளக்-இன் என்றால் பற்றரி குறைந்தது 7 யூனிட் இருக்கவேண்டும். சாதாரண ஹைபிரிட் அதற்குள் வராது. பிரித்தானியாவில் 2025 ஏப்ரல் முதல், கம்பனி கொடுக்கும் இரட்டை இருக்கைவரிசைப் பிக்கப் ஊழியரின் வரிக்குக் காராகவே கணிக்கப்படுகிறது. இப்படி ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. கையெழுத்து வைக்குமுன் உங்கள் கணக்காளரிடம் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள், கையெழுத்து வைத்தபின் அல்ல.

ஐந்து, உண்மையில் பிக்கப் வேண்டுமா? வாரத்தில் ஒருநாள் சாமான் ஏற்றுவதற்காக மிகுதி ஆறு நாளும் இரண்டரைத் தொன் இரும்பை ஓட்டித் திரிகிறவர்கள் எங்களுக்குள் குறைவில்லை.

அந்தத் தம்பி வண்டியை விற்கவில்லை. தூர வேலைகளைக் குறைத்து, ஸ்கார்பரோ, மார்க்கம் பக்க வேலைகளை மட்டும் எடுக்கிறார். வீட்டில் இரவில் மின்னேற்றுகிறார். பெற்றோலுக்குப் போன காசு தவணைக்குப் போகிறது. 2029இல் கடன் முடியும். அடுத்தது என்ன வாங்குவது என்று இப்போதே கேட்கிறார். ட்ரெயிலர் இழுத்த நாட்களையும் ஒவ்வொரு நாளும் ஓடிய தூரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். எந்தக் கம்பனியின் வழி சரி என்பதற்கு விடை அந்தக் கொப்பியில்தான் இருக்கும்.